பெரிய வெள்ளிக்கு 60 பேருக்குக் கஞ்சி: அளவு, நேரம், ஒருசந்தி

கோபி_அன்பியம் கேட்டது:

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

பெரிய வெள்ளியன்னிக்குக் காலைல ஊருக்குள்ள சிலுவைப்பாதை முடிஞ்சு வர்றவங்களுக்குக் கஞ்சி ஊத்தறது இந்த வருசம் எங்க அன்பியத்துப் (பங்குல பக்கத்துப் பக்கத்து வீட்டுக் குடும்பங்க சேந்த குழு) பொறுப்புங்க. 60 பேரு வருவாங்க, அதுல 15 குழந்தைங்க. 11 மணிக்குப் பரிமாறோணும். 3 மணிக்குக் கோயில்ல பாடுகளின் வழிபாடு.

வீட்டுல 5 பேருக்குக் கால் கிலோ நொய்யும் ஒரு கைப்பிடி பச்சைப்பயறும் போட்டு 3 லிட்டர் தண்ணி வெப்போம். அதையே 12 மடங்கு பண்ணிக்கலாமா? வீட்டு கேஸ் அடுப்பு தாங்குமா? தொட்டுக்கத் தேங்காய்த் துவையல்தான் வழக்கம், ஆனா அந்த வெயில்ல மதியம் வரைக்கும் நிக்குமான்னு சந்தேகமா இருக்குது.

இன்னொன்னும் கேக்கோணும். அத்தைக்கு 68 வயசு, சுகர் இருக்குது, காலைல மாத்திரை போடறாங்க. "பெரிய வெள்ளிக்கு ஒருசந்தி இல்லாம எப்படி"ன்னு, அதாவது ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு நோன்பு இருக்கோணும்னு, பிடிவாதமா இருக்காங்க. பொண்ணுக்கு 19, பையனுக்கு 12. இவங்கள்ல யாரு கட்டாயம் இருக்கோணும்? கஞ்சி குடிச்சா அதுவே அன்னிக்குச் சாப்பாட்டுக் கணக்கா?

---

அண்டா_கரண்டி:

அரிசி, பயறை 12 மடங்கு பண்ணலாமுங்க. தண்ணியைப் பண்ணக் கூடாது. சின்னப் போசில 3 லிட்டர் வெச்சா வேகறதுக்குள்ள கால் பங்கு ஆவியாப் போயிரும். பெரிய அண்டால 30 லிட்டர் இருந்தா 3 லிட்டர்தான் போகும். 36 லிட்டர் ஊத்துனீங்கன்னா கஞ்சி நீர்மோர் மாதிரி ஆயிரும்.

ஆளுக்கு அரை லிட்டர்னு வெச்சா 30 லிட்டர் கஞ்சி வேணும். குழந்தைங்க பாதிதான் குடிக்கும், ஆனா ரெண்டாந்தரம் கேக்கறவங்களுக்கு அது சரியாப் போகும். என் கணக்கு இது:

பச்சரிசி நொய் 3 கிலோ, முழுப் பச்சைப்பயறு முக்கால் கிலோ, தேங்காய் பெருசா 6, பூண்டு கால் கிலோ, சின்ன வெங்காயம் அரைக் கிலோ, வெந்தயம் 30 கிராம், சீரகம் 40 கிராம், கடலெண்ணெய் 200 மில்லி, கல் உப்பு 200 கிராம். வெந்தயத்தை இதுக்கு மேல ஏத்தாதீங்க. வாசத்துக்குன்னு 100 கிராம் போடறவங்க இருக்காங்க, அப்பறம் குழந்தை ஒண்ணும் வாயில வெக்காது.

தண்ணி மொத்தம் 27 லிட்டர். 22 லிட்டரை அண்டால ஊத்திட்டு, மிச்சம் 5 லிட்டரை இன்னொரு அடுப்புல தனியாக் கொதிக்க வெச்சுக்கோங்க. இந்த 5 லிட்டர் ரொம்ப முக்கியம். கஞ்சி இறக்கி வெச்சு ஆற ஆற இறுகிட்டே போகும். அப்பப் பச்சைத் தண்ணி ஊத்துனா மேல தண்ணியா நிக்கும், கீழ கூழா நிக்கும், சூடும் போயிரும். கொதிக்கற தண்ணிதான் சேந்து வரும்.

அடுத்தது, என்ன தண்ணிங்கறது. போர் தண்ணில பயறு வேகாதுங்க. நம்ம பக்கம் பாதி ஊருல போர்ல வர்றது உப்புத் தண்ணி, அதுல இருக்கற சுண்ணாம்புச் சத்து பயறுத் தோலை இறுக்கிடும். ஒரு மணி நேரம் கொதிச்சாலும் பல்லுல கடிபடும். ஆத்துத் தண்ணி வர்ற குழாயில புடிச்சு வெச்ச நல்ல தண்ணியவே ஊற வெக்கவும் வேக வெக்கவும் எடுங்க. சோடா உப்புப் போட்டா வெந்துரும்தான், ஆனா ஒரு வழவழப்பும் சோப்பு வாசமும் வந்துரும். வேண்டாம்.

வீட்டு அடுப்புல 22 லிட்டர் கொதிக்கவே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல ஆகும், அந்தக் கம்பி அவ்வளவு பாரமும் தாங்காது. பாத்திர வாடகைக் கடைல பெரிய பர்னர் அடுப்பும், அடி கனமான 50 லிட்டர் அண்டாவும், நீளத் துடுப்பும் எடுத்துருங்க. அடி மெல்லிசான எவர்சில்வர் அண்டா குடுத்தா வாங்காதீங்க, நொய்க் கஞ்சிக்கு அது ஆகவே ஆகாது. 30 லிட்டருக்கு 50 லிட்டர் அண்டா எதுக்குன்னா, பயறு கொதிக்கும்போது நுரை பொங்கும், துடுப்பு போடவும் இடம் வேணும்.

வேலை நேரம்:

காலை 6 மணிக்குப் பயறை வாசம் வர்ற வரைக்கும் லேசா வறுத்து, கழுவி, வெதுவெதுப்பான தண்ணில ஊறப் போடுங்க. வியாழன் ராத்திரி ஆராதனை முடிஞ்சு வந்து யாரும் முழிச்சிருக்க வேண்டியதில்ல. நொய்யையும் அப்பவே 5 நிமிசம் வெறும் வாணலில சூடு காட்டி வெச்சுக்கோங்க, கட்டி புடிக்காது. நெறம் மாறக் கூடாது.

8.30-க்கு அண்டா ஏறோணும். 9.15 வாக்குல கொதி வரும். பயறு, உரிச்ச பூண்டு, வெந்தயம் மூணும் அப்பப் போடுங்க. 30, 35 நிமிசத்துல பயறை நசுக்கிப் பாத்தா நசுங்கோணும். நசுங்குனாத்தான் நொய். ரெண்டையும் ஒண்ணாப் போட்டா நொய் கரைஞ்சு பசையாயிரும், பயறு அப்படியே கெடக்கும்.

நொய்யைப் போடறதுக்கு ரெண்டு ஆளு வேணும். ஒருத்தரு கை கையாத் தூவோணும், இன்னொருத்தரு அடி வரைக்கும் துடுப்பு போட்டுட்டே இருக்கோணும். முதல் 10 நிமிசம் கையை எடுக்கக் கூடாது, நொய் அடில படியறது அப்பத்தான். அப்பறம் தீயைக் குறைச்சு இன்னும் 20 நிமிசம். 10.20-க்கு நொய் மலர்ந்திருக்கும். ரெண்டாம் தேங்காய்ப் பால் 3 லிட்டரை ஊத்தி ஒரு கொதி விடுங்க. அடுப்பை நிறுத்துன பின்னாடி முதல் பால் ஒன்றரை லிட்டர். முதல் பாலை ஊத்திக் கொதிக்க விட்டா திரிஞ்சு எண்ணெய் மெதக்கும்.

உப்பு கடைசிலதான். முன்னாடியே போட்டா சுண்டச் சுண்ட ஏறிடும். 150 கிராமைக் கரைச்சு ஊத்திட்டு, வாய்ல விட்டுப் பாத்து மிச்சத்தைச் சேருங்க. சீரகம், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை தாளிச்சுக் கொட்டி மூடி வெச்சா 11 மணிக்குப் பதமா இருக்கும்.

அடிப்பிடிச்ச வாசம் வந்துட்டா துடுப்பை அடில போடவே கூடாது, சுரண்டவும் கூடாது. மேலாக்க மொண்டு வேற பாத்திரத்துக்கு மாத்திருங்க. சுரண்டுனா 30 லிட்டரும் போச்சு.

---

கொடுமுடி_கொள்ளு:

அக்கா, தேங்காய்த் துவையல் வேண்டாமுங்க. பெரிய வெள்ளி மார்ச் 20-ல இருந்து ஏப்ரல் 23-க்குள்ள எங்க வந்தாலும் நமக்குக் கொடும் வெயில். காலைல அரைச்ச தேங்காய்த் துவையல் மதியத்துக்குள்ள நூல் விட ஆரம்பிச்சிரும். கொள்ளுத் துவையல் வெச்சுக்கோங்க. அதை விட அதிக நேரம் நிக்கும், கஞ்சிக்கும் நல்ல சேர்மானம்.

60 பேருக்கு ஆளுக்கு 25 கிராம் வெச்சா ஒன்றரைக் கிலோ துவையல். கொள்ளு அரைக் கிலோ, வரமிளகாய் 35, பூண்டு 50 கிராம், புளி 50 கிராம், கல் உப்பு 30 கிராம், தேங்காய் ஒண்ணு. அண்ணன் சொன்ன 6 தேங்காய்ல பால் எடுத்த சக்கை இருக்குமே, அதுல ரெண்டு கைப்பிடியை வாணலில ஈரம் போக வறுத்துச் சேத்துக்கலாம். முழுக்கச் சக்கையே போட்டா வெறும் நார்தான், ருசி இருக்காது. அதனால புதுத் தேங்காய் ஒண்ணு கட்டாயம்.

கொள்ளுல கல் இருக்கும். புதன்கிழமையே பொறுக்கி, அரிச்சு, வெயில்ல காய வெச்சுருங்க. ஈரத்தோட வறுத்தா வெளில கருகும், உள்ள பச்சையா நிக்கும். சின்னத் தீயில ரெண்டு தடவையா, தடவைக்கு 12 நிமிசத்துக்குக் குறையாம வறுக்கோணும். படபடன்னு வெடிச்சு, அந்தச் சத்தம் அடங்கி, நெறம் செவந்து, வீடு முழுக்க வாசம் வந்தா எறக்கலாம். பாதி வறுத்த கொள்ளு வயித்தை உப்ப வெச்சிரும். 3 மணி வழிபாட்டுல எத்தனை தடவை முழந்தாளிடோணும்னு உங்களுக்கே தெரியும்.

நேரா கிரைண்டர்ல போட்டா வறுத்த கொள்ளு மசியாது, கல்லு அடியில உருண்டுட்டே கெடக்கும். நல்லா ஆற விட்டு மிக்சில ரவை பதத்துக்கு உடைச்சுட்டு, அப்பறம் மத்ததோட கிரைண்டர்ல போட்டு, அரை லிட்டர் தண்ணியைக் கொஞ்சங் கொஞ்சமாத் தெளிச்சு அரைங்க. கொதிச்சு ஆறுன தண்ணின்னா இன்னும் நல்லது. ரொம்ப மையா வேண்டாம், நறநறன்னு இருக்கோணும்.

---

உபதேசியார்:

விதியைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் சொல்கிறேன்.

இரண்டு கடமைகள் இருக்கின்றன. ஒன்று சுத்தபோசனம், அதாவது இறைச்சி தவிர்ப்பது. மற்றது ஒருசந்தி. திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் இரண்டும் சேர்ந்த நாட்கள். 1983-ல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பில் எண் 1251, 1252 இதைச் சொல்கின்றன. 14 வயது முடிந்தவர்களுக்குச் சுத்தபோசனம். 18 முடிந்ததிலிருந்து 59 முடியும் வரை ஒருசந்தி.

ஆக உங்கள் மகளுக்கு இரண்டும் உண்டு. மகனுக்கு இரண்டும் கட்டாயமில்லை. ஆனால் ஏன் இருக்கிறோம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள் என்று பெற்றோரைத்தான் சட்டம் கேட்கிறது. அன்று மிட்டாயை நிறுத்தி அந்தக் காசைக் கோயில் உண்டியலில் போடச் சொன்னால் 12 வயதுக்குப் போதும். உங்கள் அத்தைக்கு வயதாலேயே ஒருசந்தி கிடையாது. நோயாளிக்கு எந்த வயதிலும் கிடையாது. அவர் சாப்பிடுவது பாவம் என்று யாரும் அவர் முகத்துக்கு நேரே பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வீடுகளில் அதுதான் நடக்கிறது.

ஒருசந்தி என்பது பட்டினி அல்ல. வயிறார ஒரு வேளை. மற்ற இரண்டு வேளையும் சிறிதாகக் கொஞ்சம். அந்த இரண்டையும் கூட்டினாலும் முழுச் சாப்பாடு ஆகக் கூடாது. 11 மணிக் கஞ்சியை அந்த முழு வேளையாக வைத்துக்கொள்ளலாம். அப்படி வைத்தால் இரவு மூன்று தோசையும் சட்னியும் கிடையாது. பலர் தவறுவது அங்கேதான்.

பால், தயிர், நெய் தடையில்லை. நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் எதுவும் உண்ணக் கூடாது என்பது தனி விதி, எண் 919. தண்ணீரும் மருந்தும் அதில் சேராது. முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அவர்களைப் பராமரிப்பவர்களுக்கும் அந்த ஒரு மணி நேரமும் இல்லை. 11 மணிக்குக் கஞ்சி குடித்தவர் 3 மணி வழிபாட்டில் நற்கருணை வாங்க எந்தத் தடையும் இல்லை.

---

திருப்பூர்_டயட்:

உபதேசியார் ஐயா சொன்னதை அத்தைக்கு அப்படியே படிச்சுக் காட்டுங்க. உடம்பு பக்கம் நான் சொல்றேன்.

சுகர் மாத்திரைல சிலது, இன்சுலின் எல்லாமே, போட்டுட்டுச் சாப்பிடாம இருந்தா சுகரைத் தடாலடியா எறக்கிரும். மாத்திரை போட்டுட்டு வெறும் வயித்துல வெயில்ல சிலுவைப்பாதை நடக்கறது ரொம்ப ஆபத்து. மாத்திரையை நீங்களா நிறுத்தறதும் தப்புங்க. ஒரு வாரம் முன்னாடியே அவங்க டாக்டர்கிட்ட, அன்னிக்கு எத்தனை மணிக்கு என்ன சாப்பிடப் போறாங்கன்னு சொல்லிக் கேட்டுக்கோங்க. திடீர்னு வேர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறுச்சுன்னா முழிச்சிருக்கும்போதே 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணில கரைச்சுக் குடுக்கோணும். 15 நிமிசத்துல சரியாகலைன்னா இன்னொரு தடவை. சுருண்டு விழுந்துட்டா வாயில எதையும் ஊத்தாம ஆஸ்பத்திரிதான்.

அண்டால இருக்கற கஞ்சி அவங்களுக்குச் சரிப்படாது. நொய் ஏற்கனவே உடைஞ்ச அரிசி, அது கரையற வரைக்கும் வெந்தா சீக்கிரமாச் செரிச்சு சுகரைச் சட்டுனு ஏத்தும். கணக்கைத் திருப்பிப் போடுங்க: முழுப் பச்சைப்பயறு 40 கிராம், சாமை 20 கிராம், தண்ணி அரை லிட்டர், தேங்காய்ப் பால் ரெண்டு ஸ்பூன் போதும். குக்கர்ல 3 விசில். குழையாம, மெல்லற பதத்துல எறக்குங்க. கூட ஒரு கப் முருங்கைக்கீரைப் பொரியல், கொள்ளுத் துவையல். காலைல மாத்திரையோட ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டுத்தான் வெளிய கெளம்போணும். நடக்க முடியலைன்னா சிலுவைப்பாதை நின்னு செபிக்கற கடைசி எடத்துல (ஸ்தலத்துல) சேந்துக்கட்டும்.

---

தாராபுரம்_சிஎஸ்ஐ:

ஸ்தோத்திரமுங்க. எங்க சபைல 12-ல இருந்து 3 வரைக்கும், இயேசு சிலுவைல சொன்ன ஏழு வார்த்தை தியானம். கஞ்சி அது முடிஞ்சுதான். அதனால சூடு நிக்க வெக்கறதைப் பத்தி ரெண்டு வார்த்தை.

11 மணிக்குச் சொல்லிட்டு ஊர்வலம் 12.30-க்கு வந்தா என்ன பண்ணுவீங்க? அரிசிக் கஞ்சி வெதுவெதுப்பா மூடி வெச்சாக் கெட்டுப் போகும், நல்ல சூடா இருந்தா கெடாது. 60 டிகிரிக்குக் கீழ வரக் கூடாது. தெர்மாமீட்டர் தேட வேண்டாம், மூடியைத் திறந்தா ஆவி குபுகுபுன்னு வரோணும், கரண்டில எடுத்ததை ஊதாம வாயில வெக்க முடியக் கூடாது. அண்டாவைச் சுத்தி ரெண்டு சாக்கு, மேல தட்டு, தட்டு மேல ஒரு சாக்கு போட்டா ஒரு மணி நேரம் நல்லாத் தாங்கும். அதுக்கு மேலன்னா தேங்காய்ப் பாலை நிறுத்தி வெச்சு, பரிமாற 15 நிமிசம் முன்னாடி திரும்பக் கொதிக்க விட்டு அப்பறம் ஊத்துங்க. பால் ஊத்துனதைத் திரும்பச் சுட வெச்சா திரியும். பிழிஞ்ச பாலை வெயில்ல வெக்காம பிரிட்ஜ்ல வைங்க.

எனக்குக் கேட்டா இந்த வெயிலுக்குக் கம்பங்கூழே மேல். அடுப்புப் பாடு வியாழக்கிழமை மதியத்தோட முடிஞ்சுது. கம்பு 3 கிலோ, தண்ணி தெளிச்சு இடிச்சுப் புடைச்சு ரவையா உடைச்சது. புதன் ராத்திரி ஊறட்டும். வியாழன் மதியம் 12 லிட்டர் தண்ணில 40 நிமிசம் கிண்டி, கெட்டியா எறக்கி ஆற வெச்சு மூடிருங்க. ராத்திரில லேசாப் புளிச்சிருக்கும். வெள்ளி காலைல 5 லிட்டர் தயிரை 15 லிட்டர் மோராக்கி, நல்லாக் கரைச்சு, உப்பும் ஒரு கிலோ சின்ன வெங்காயமும் போட்டா அதுவும் 30 லிட்டர் வரும். மோர்மிளகாய் வறுத்து வெச்சாப் போதும். சூடு நிக்குமாங்கற கவலையே இல்ல.

---

அண்டா_கரண்டி:

தாராபுரத்தண்ணா சொல்றது பெரியவங்களுக்குச் சரிங்க. ஆனா 15 குழந்தைங்க இருக்கற எடத்துல கம்பங்கூழ் பாதி மிஞ்சும். பழக்கமில்லாத வயித்துக்குப் புளிச்ச கம்பு வெறும் வயித்துல ஆகாது, அன்னிக்குப் பாதிப் பேரு வெறும் வயித்துலதான் நடந்துட்டு வர்றாங்க. வேணும்னா 5 லிட்டர் கூழ் பக்கத்துல வைங்க, கேக்கறவங்க குடிக்கட்டும். சாக்கு சுத்தற யோசனை அருமை. ஒண்ணே ஒண்ணு, அடுப்பை முழுசா நிறுத்தி, அண்டாவைக் கீழ எறக்கி வெச்சுட்டுச் சுத்துங்க.

---

கோபி_அன்பியம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. அத்தைகிட்டப் படிச்சுக் காட்டியாச்சு. "உபதேசியாரு சொன்னாச் சரி"ன்னு ரெண்டு இட்லிக்கு ஒத்துக்கிட்டாங்க. இன்னும் ரெண்டே சந்தேகம். ஒருத்தரு தொட்டுக்கக் கருவாடு வறுத்துக் கொண்டு வர்றேங்கறாரு. மீன்தானே, தப்பில்லையாம். வெக்கலாமா? கஞ்சி மிஞ்சுனா ராத்திரிக்கு வெச்சுக்கலாமா?

---

உபதேசியார்:

அவர் சொல்வது சட்டப்படி சரி. மீன், முட்டை எதையும் சுத்தபோசன விதி தடுக்கவில்லை. ஆனால் நம் பக்கத்து வீடுகள் பலவற்றில் அன்று மீனும் முட்டையும் கூட அடுப்பேறாது. பொதுப் பந்தியில் அது வந்தால் பாதிப் பேர் தட்டை நகர்த்துவார்கள், மீதிப் பேர் விதி பேசுவார்கள். அவரிடம் கருவாட்டுக்குப் பதிலாக 60 பாக்குமட்டைக் கிண்ணம் வாங்கித் தரச் சொல்லுங்கள். காகிதக் கிண்ணம் சூட்டுக் கஞ்சிக்கு அடி ஊறிவிடும்.

---

அண்டா_கரண்டி:

தேங்காய்ப் பால் ஊத்துன கஞ்சி ராத்திரிக்கு ஆகாதுங்க, 2 மணிக்குள்ள காலி பண்ணிருங்க. மிஞ்சும்னு தோணுச்சுன்னா, முதல் பாலும் ரெண்டாம் பாலும் ஊத்தறதுக்கு முன்னாடியே 4 லிட்டர் தனியா எடுத்து, அகலத் தட்டுல பரப்பி ஆற வெச்சு, ஒரு மணி நேரத்துக்குள்ள பிரிட்ஜ்க்குள்ள போயிரோணும். ராத்திரி வழிபாடு முடிஞ்சு வந்து, கொஞ்சம் தண்ணி விட்டுக் கொதிக்க வெச்சு, மோரு ஊத்திக் குடிச்சுக்கலாம். அண்டா காலியானதும் உடனே தண்ணி ஊத்தி வெச்சுருங்க, நொய் காஞ்சு ஒட்டுனா வாடகைக் கடைக்காரரு கழுவற கூலி தனியாக் கேப்பாரு.